விசயதசமிக்கு எழும்பிய பெட்டிகள்

கதிரவேலுவின் வீட்டுக்கு லொறி வந்த அன்று அளவெட்டியில் அடித்த வெயிலைப் பற்றி நான் கூட்டிச் சொல்லமாட்டேன். மருதனாமடம் சந்தைக்கு ஒருவர் சைக்கிளில் கட்டிக்கொண்டு போன முட்டைகள் வழியிலேயே பொரித்து, சந்தை வாசலில் கோழிகளாக இறங்கின. வாங்கியவர் இன்னும் உயிரோடு இருக்கிறார், கேட்டுப் பார்க்கலாம்.

புரட்டாதி மாதம். மழை வரும் என்று வானம் ஒவ்வொரு பின்னேரமும் சத்தியம் செய்யும், விடிந்ததும் மறந்துவிடும். வாழைத் தோட்டத்தில் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறிக்கொண்டு நின்ற கதிரவேலு, லொறிச் சத்தம் கேட்டு மண்வெட்டியோடு ஓடிவந்தார். ஒழுங்கைக்கு எதிர்ப்பக்கம் என் வீடு. நானும் போய் அவர்கள் வாசற் படலையில் நின்றேன்.

"அண்ணை, இவ்வளவு பெட்டியும் எங்கடை வீட்டுக்கோ?"

"உன்ரை மகளின்ரை பேர்தான் போட்டுக்கிடக்கு" என்றேன்.

நிவேதனா பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தாள். "அப்பா, தூக்கேக்கை பாத்து. ஒண்டு விழுந்தாலும் நான் திங்கக்கிழமை கொழும்புக்கு ரயில் ஏறவேணும்."

கதிரவேலு மண்வெட்டியை வேலியில் சாத்திவிட்டு, பெட்டியைக் கோயில் வாகனம் தூக்குவது போலத் தூக்கினார்.

நிவேதனா கதிரவேலுவுக்கும் பூரணத்துக்கும் ஒரே பிள்ளை. காங்கேசன்துறைக் கப்பற்காரக் குடும்பத்தில் கலியாணம் முடித்தவள். புருசன் சிவரூபன் சரக்குக் கப்பலில். அந்த மாதம் அவன் பிரேசில் பக்கம் நின்றான். அவன் படுக்கப்போகும்போது இவளுக்கு விடியும். மகள் தர்சிகாவுக்கு அப்போதுதான் பேச்சு வரத் தொடங்கியிருந்தது. தாய் செருப்பைத் தொட்டாலே அழும் பிள்ளை அது.

நிவேதனா வேலை செய்த நிறுவனம் இரத்தம், சிறுநீர் சோதிக்கிற நிறுவனம். கொழும்பில் தலைமையகம். பருத்தித்துறை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை, நெடுந்தீவு என்று குடாநாடு முழுக்கக் கிளை திறக்கப்போகிறார்கள். கிளைக்கு ஒரு சேர்வர். சோதனை முடிவுகளை எல்லாம் வைத்திருக்கிற பெரிய கொம்பியூட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்தில் எடுத்த கட்டடத்துக்குப் பெயின்ற் காயவில்லை. அதனால் பெட்டிகள் அளவெட்டிக்கு வந்தன.

லொறி வரமுன்னம், அன்று காலையில் கொழும்பு மேலதிகாரி சயந்தன் தொலைபேசியில் சொன்னதை வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். நிவேதனா ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். நான் படலையடியில் நின்றே கேட்டேன்.

"நிவேதனா, இஞ்சை மூண்டு பொடியள் ரெண்டு கிழமையா இருந்து செய்யிற வேலை. நீர் ஒருநாளிலை முடிப்பன் எண்டுறீர்."

"ஒருநாள் கூடத் தேவையில்லை, சேர்."

"அப்ப செய்து காட்டும். எல்லாம் ஒரே மாதிரி எழும்பினா யாழ்ப்பாணக் கிளைக்குப் பொறுப்பா உங்கையே இரும். இல்லையெண்டா திங்கக்கிழமை கொழும்பு ஒப்பீசிலை நிக்கவேணும். பிள்ளையைக் கொண்டு வாறதோ விட்டிட்டு வாறதோ உம்மடை விருப்பம்."

"நீங்களே வந்து பாருங்கோ."

"வாறன். விசயதசமிக்கு வாறன். நல்லநாள்தானே."

அவள் தொலைபேசியை வைத்துவிட்டு முற்றத்துக்கு வந்தாள். முற்றத்தில் இருந்து கிணற்றடிக்குப் போனாள். கிணற்றடியில் இருந்து திரும்பவும் வந்தாள். ஏன் போனாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. பிள்ளை பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தது.

அன்று தேத்தண்ணி குடிக்கும்போதுதான் கதிரவேலு விசயத்தைக் கேட்டார். "கொழும்பிலை ரெண்டு கிழமையா அப்பிடி என்ன செய்யிறவங்கள்?"

"ஒரு பெட்டிக்கு முன்னாலை ஒருத்தன் இருப்பான், அப்பா. பெட்டி கேள்வி கேக்கும். எந்தப் பாசை, எந்த ஊர் நேரம், இடத்தை எப்பிடிப் பங்கு பிரிக்கிறது, என்ன பேர் வைக்கிறது எண்டு. இவன் ஒவ்வொண்டுக்கும் பதில் அமத்துவான். பேந்து அடுத்த பெட்டி. திருப்பியும் அதே கேள்வி."

"கலியாணம் பேச வந்தவை மாதிரி" என்று குசினிக்குள் இருந்து பூரணம் சொன்னா.

"ஓம் அம்மா. நாலாம் பெட்டிக்கு வரேக்கை அலுப்பு வந்திடும். போனமுறை ஒருத்தன் லண்டன் நேரத்தைக் குடுத்திட்டான். விடியக்காலமை எடுத்த இரத்தத்துக்கு, முதல்நாள் இரவு எடுத்ததெண்டு றிப்போட் வந்தது."

இதைச் சொன்னது நான் அல்ல, அவள். ஆகவே உண்மையாக இருக்கலாம்.

"நீ என்ன செய்யப்போறாய்?"

"பதிலெல்லாத்தையும் ஒருக்கா எழுதி என்ரை லப்டொப்பிலை வைச்சிருக்கிறன். இந்தப் பெட்டியள் வெறும் மண்டையோடை வரும். கறண்டைக் குடுத்தவுடனை வயருக்குள்ளாலை 'ஆரும் இருக்கிறியளோ, நான் ஆர், நான் என்ன செய்ய' எண்டு கத்தும். லப்டொப் மறுமொழி குடுக்கும். 'இந்தா உன்ரை விலாசம், இந்தா உன்ரை பேர், உள்ளுக்குக் கிடக்கிறதை எல்லாம் துடை, இந்தச் சாமானை இப்பிடி ஏத்து.' எல்லாத்துக்கும் ஒரே மறுமொழி. பேர் மட்டும்தான் வேறை. முதல் கேட்டதுக்கு முதல் பேர். நான் தேத்தண்ணி குடிச்சு முடியிறதுக்குள்ளை எல்லாம் எழும்பி நிக்கும்."

கதிரவேலு கோப்பையைக் கீழே வைத்தார். முகத்தில் ஒரு வெளிச்சம். "அப்ப உது பந்தி."

"என்னப்பா?"

"பந்திதான் பிள்ளை. வந்து இருந்தவனுக்கு இலை. ஒரே சோறு, ஒரே பருப்பு, ஒரே கத்தரிக்காய்க் குழம்பு. ஆர் நீ, எந்தப் பகுதி எண்டு கேக்கிறேல்லை. இருந்தவனுக்குப் போடவேணும்."

"ஓம், கிட்டத்தட்ட அப்பிடித்தான்" என்றாள் நிவேதனா. அந்த நேரம் அவள் அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

ஏனென்றால் கதிரவேலு பந்தி பரிமாறுவதில் எங்கள் பகுதியில் பெயர் எடுத்தவர். கலியாணமோ, செத்தவீட்டு எட்டாம் நாள் படையலோ, கோயில் அன்னதானமோ, வேட்டியை மடித்துக் கட்டி வாளியோடு அவர் இறங்கினால் ஓர் இலையும் காய்ந்து கிடக்காது. ஒருமுறை அவர் பரிமாறிய எட்டுச் செலவில், செத்தவரே எழும்பி வந்து இரண்டாம் தரம் ரசம் கேட்டார் என்று ஊரில் கதைப்பார்கள். அது பொய். அவர் கேட்டது மோர்.

இனிப் பூரணத்தின் கதைக்கு வரவேண்டும். லொறி வந்தது நவராத்திரியின் ஏழாம் நாள். சரஸ்வதிக்குப் புத்தகம் அடுக்குகிற நாள். எங்கள் ஊரில் படிக்கிற பிள்ளையின் கொப்பி, தச்சனின் உளி, தவில்காரரின் தவில் எல்லாம் அன்றைக்குப் படத்துக்கு முன்னால் போய்விடும். விசயதசமி வரைக்கும் ஒருவரும் தொடக்கூடாது. விசயதசமி காலையில் பூசை முடிந்து நல்ல நேரத்தில் எல்லாச் சாமானையும் ஒருதரமாவது பாவித்து எடுக்கவேண்டும். உளியால் ஒரு சீவல். தவிலில் ஓர் அடி. ஏதாவது ஒன்று தொடக்கப்படாமல் கிடந்தால் அந்த வருசம் அது விளங்காது.

நிவேதனா குளித்துவிட்டு வந்து பார்க்கும்போது சேர்வர்கள் எல்லாம் அட்டைப்பெட்டியை விட்டு வெளியே வந்து, விறாந்தையில் வெள்ளைத் துணி விரித்து வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் நெற்றியிலும் சந்தனம், குங்குமம். மேலே செவ்வரத்தம்பூ. பூரணம் திருநீற்றுக் குடுவையோடு கடைசிப் பெட்டிக்குக் கிட்ட நின்றா.

"அம்மா! வயர் கொளுவுற ஓட்டைக்குள்ளை சந்தனம் அப்பிக் கிடக்கு!"

"அதுக்குக் கண் எது, மூக்கு எது எண்டு எனக்குத் தெரியுமே? நடுவிலை வைச்சனான்."

"நான் இண்டைக்கு ஒண்டையாவது எழுப்பிப் பாக்கவேணும், அம்மா."

"பூசைக்கு வைச்சாச்சு. இனி விசயதசமிக்குத்தான்."

"சோதிக்காமல் எப்பிடி அம்மா அந்தாளுக்கு முன்னாலை..."

"சரஸ்வதியைச் சோதிக்கப் போறியோ?"

அதோடு கதை முடிந்தது. நிவேதனா வீட்டில் மிச்ச நாட்களைக் கழித்த விதத்தைப் பார்த்தவர்களுக்குக் கால் நோகும். லப்டொப்பைத் திறப்பாள், எழுதியதை வாசிப்பாள், மூடுவாள். குசினிக்குப் போய்க் கடலை அவிகிறதா என்று பார்ப்பாள். விறாந்தைக்கு வந்து தொடமுடியாத பெட்டிகளைப் பார்ப்பாள். தகப்பனோடு தோட்டத்துக்குப் போய் வாழை இலை வெட்டுவாள். இரண்டு இலை வெட்டியதும் எதையோ மறந்தவள் போல ஓடிவருவாள். பூரணம் அவித்த மோதகத்தைக் கையில் வைத்துக்கொண்டே வளவைச் சுற்றி வருவாள். கடைசியில் அதைக் காகம் தின்னும். அந்த வருசம் எங்கள் ஒழுங்கைக் காகங்கள் பறக்கமுடியாத அளவுக்குக் கொழுத்து, சந்திக்கு நடந்து போய் வந்தன.

"பிள்ளை, ஓரிடத்திலை இரன்" என்பா பூரணம்.

"இருந்துகொண்டுதான் அம்மா யோசிக்கிறன்" என்பாள், நடந்துகொண்டே.

"கொழும்புக்குப் போறதெண்டால் தர்சிகாவை நான் பாக்கமாட்டனே?"

"நீங்கள் பாப்பியள். அவள்தான் என்னைப் பாக்காமல் இருக்கவேணும்."

பூரணம் கடலை அவிகிற பானையைப் பார்க்கப் போனா.

இந்தப் பூசைக்குள் பக்கத்து வளவுத் தியாகலிங்கமும் வந்து சேர்ந்தார். அவர் கல்வெட்டு அடிக்கிறவர். கல்வெட்டு என்றால் கல்லில் அல்ல. செத்தவரின் முப்பத்தோராம் நாள், அந்தியேட்டிக்கு வந்தவர்களுக்குக் கொடுக்கிற நினைவுப் புத்தகம். படம், தேவாரம், வாழ்க்கை வரலாறு, கடைசியில் நன்றி. ஊரில் யார் செத்தாலும் அவருடைய கொம்பியூட்டருக்குள்ளால்தான் போகவேண்டும். அவருடைய மனுசி கனடாவில் மகளின் பிள்ளைப்பேற்றுக்குப் போய்விட்டா. வீட்டில் பூசை செய்ய ஆள் இல்லாமல், கொம்பியூட்டரைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்தார்.

"பூரணமக்கா, இதையும் ஒரு கரையிலை வையுங்கோ. உள்ளுக்கு மார்க்கண்டு மாஸ்ரற்றை மனுசியின்ரை கல்வெட்டு முக்கால்வாசி முடிஞ்சு கிடக்கு. விசயதசமி பின்னேரம் அச்சுக்குக் குடுக்கவேணும்."

அது கொழும்பில் ஏதோ ஓர் அலுவலகம் கழித்துவிட்ட பழைய பெட்டி. பூரணம் அதற்கும் சந்தனம் வைத்து, மஞ்சள் துணியால் மூடி வரிசையின் கடைசித் தொங்கலில் இருத்தினா.

விசயதசமி விடிந்தது. நிவேதனா இருட்டோடு எழும்பி ஈர்க்குச்சியால் ஓட்டைகளுக்குள் இருந்த சந்தனத்தைக் கிண்டி எடுத்தாள். பூசை முடிந்தது. லப்டொப்பில் இருந்து ஒரு சின்னப் பெட்டிக்கு வயர், அதில் இருந்து ஒவ்வொரு சேர்வருக்கும் ஒவ்வொரு வயர். மிஞ்சிய வயர் ஒன்றைச் சுருட்டி வைத்தாள். "நான் சேரைக் கூட்டிக்கொண்டு வாறன். ஒருத்தரும் ஒண்டையும் அமத்தக்கூடாது" என்று சொல்லிவிட்டு, சுன்னாகம் ஸ்டேசனுக்கு ஸ்கூட்டியில் பறந்தாள். பிள்ளை வாசலில் நின்று கத்தியது.

கதிரவேலு ஒன்றையும் அமத்தவில்லை. அதை நான் எங்கும் சொல்வேன். அவர் வரிசையை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தார். பந்தி தொடங்கமுன் பார்க்கிற பார்வை. தொங்கலில் மஞ்சள் துணிக்குள் ஒன்று வயர் இல்லாமல் இருந்தது. பக்கத்தில் ஒரு வயர் சும்மா சுருண்டு கிடந்தது.

"அண்ணை, பாருங்கோ. அவசரத்திலை பிள்ளை ஒண்டை விட்டிட்டாள்."

"அது தியாகலிங்கத்தின்ரையெல்லோ?"

"ஆற்றையாய் இருந்தா என்ன? வரிசையிலை இருக்குது. இண்டைக்குத் தொடக்காமல் விட்டா அந்த மனுசன்ரை தொழில் விளங்குமே?"

எனக்கும் நியாயமாகவே பட்டது. அவர் வயரைக் கொளுவி, கறண்டையும் கொளுவி, துணியைத் திரும்ப ஒழுங்காக மூடிவிட்டார்.

சயந்தன் நாற்பது வயது மதிக்கத்தக்க மெலிந்த மனிதர். இரவு முழுக்க ரயிலில் இருந்து வந்த கசங்கல். பூப்போட்ட சேர்வர்களைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க மிகவும் முயன்றார். பூரணம் கொடுத்த கோப்பியை வாங்கிக் கதிரையில் இருந்தார்.

"தொடங்கும்."

நிவேதனா ஒவ்வொரு பெட்டியாக அமத்திக்கொண்டு போனாள். கதிரவேலு மற்றத் தொங்கலில் நின்று, "பிள்ளை, இந்தக் கரையை நான் அமத்துறன்" என்றார். அவள் தலையாட்டினாள். நெஞ்சு அடிக்கிற நேரத்தில் யார் எதற்கு என்றாலும் தலையாட்டுவார்கள்.

பெட்டிகள் இரைந்தன. நூறு தும்பி ஒரு போத்தலுக்குள் அடைபட்டது போல இரைச்சல். லப்டொப் திரையில் எழுத்துகள் ஓடத் தொடங்கின. ஒரு கேள்வியும் இல்லை; ஒருவரும் ஒன்றையும் தொடவில்லை. பருத்தித்துறை எழும்பியது. சாவகச்சேரி எழும்பியது. ஊர்காவற்றுறை, காரைநகர், சங்கானை. ஒவ்வொன்றாகப் பச்சை விழுந்தது. சயந்தன் கோப்பியைக் கீழே வைத்துவிட்டு எழும்பி வந்தார். கடைசியாக நெடுந்தீவும் எழும்பியது. திரை முழுக்கப் பச்சை.

"எல்லாம் முடிஞ்சுது, சேர்."

சயந்தன் வரிசையைப் பார்த்தார். "அப்ப இது ஏன் நிக்குது?"

நடுவில் ஒரு சேர்வர் பச்சை விளக்கு எரியாமல் நின்றது. பெயர் எல்லாம் முடிந்துவிட்டது. அதற்குக் கொடுக்கப் பெயர் இல்லை. நிவேதனா குனிந்து பார்த்தாள். வயரை இழுத்துப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். நெடுந்தீவு எழும்பி நிற்கிறது என்று திரை சொல்கிறது. எங்கே நிற்கிறது?

அந்த நேரம் பார்த்துத் தியாகலிங்கம் படலையைத் திறந்துகொண்டு வந்தார். "பூரணமக்கா, எடுக்கலாமோ? அச்சுக்காரன் காத்துக்கொண்டு நிக்கிறான்." மஞ்சள் துணியை எடுத்தார். பழைய திரையைத் தட்டினார். கறுப்பில் வெள்ளை எழுத்தாக இங்கிலீசில் 'நெடுந்தீவு' என்று வந்து, கீழே ஒரு கோடு கண் சிமிட்டியது.

"இதென்ன? என்ரை கல்வெட்டுகள் எங்கை?"

நிவேதனா அந்தப் பெட்டிக்கு முன்னால் குந்தினாள்.

"பிள்ளை, மார்க்கண்டு மாஸ்ரற்றை மனுசி எங்கை?"

"மாமா," என்றாள் நிவேதனா. "துடைபட்டிட்டுது."

"துடைபட்டுதோ? செத்த மனுசி ஒருக்காச் செத்தது காணாதே!"

கதிரவேலு முன்னுக்கு வந்தார். "தியாகு, நான்தான் கொளுவினனான். சேர், பிள்ளையிலை பிழை இல்லை. அவள் கொளுவேல்லை. நான்தான். வரிசையிலை இருந்ததெண்டு..."

சயந்தன் நிவேதனாவைப் பார்த்தார். அவளுக்கு ஒரு கதவு திறந்திருந்தது, பழியைத் தகப்பனிடம் விட்டுவிட்டு வெளியே போய்விடலாம். அவள் போகவில்லை.

"இல்லை, சேர். அப்பா வயரைத்தான் கொளுவினவர். ஆர் கேட்டாலும் போடு, கேட்டவன்ரை வயித்தைக் கழுவிப்போட்டுப் போடு எண்டு எழுதி வைச்சது நான். நீ ஆரெண்டு ஒரு கேள்வி கேக்க விட்டிட்டன்."

"பழைய பெட்டி" என்றார் சயந்தன், தியாகலிங்கத்தின் கொம்பியூட்டரைப் பார்த்து. "எழும்பினவுடனை முதல் வயரைத்தான் பாக்கும்." பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார். "பின்னேர ரயிலுக்கு நான் போகவேணும். நிவேதனா, எல்லாத்தையும் அழிச்சுப்போட்டுத் திருப்பிச் செய்யும். ஐயாவின்ரை பெட்டியும் கொளுவுப்பட்டு நிக்கட்டும்."

"செத்த பாம்பை எத்தினைதரம் அடிக்கிறியள்!" என்றார் தியாகலிங்கம்.

நிவேதனா சேர்வர்களின் முதுகுப் பக்கம் போய் நிலத்தில் படுத்தாள். ஒவ்வொரு பெட்டியின் வயர் ஓட்டைக்கும் தொழிற்சாலையில் குத்திய இலக்கம் ஒன்று உண்டாம். உலகத்தில் அதே இலக்கம் வேறொன்றுக்கு இல்லையாம். அவள் வாசிக்க வாசிக்கக் கதிரவேலு திருப்பிச் சொன்னார். சயந்தனே லப்டொப்பில் அடித்தார். இந்த இலக்கத்துக்கு இந்தப் பெயர். இலக்கம் இல்லாமல் வருகிறவனுக்கு, 'உன்ரை வீட்டை போய்ச் சாப்பிடு' என்று மறுமொழி.

தியாகலிங்கம் நெற்றியில் கைவைத்துக் குந்தியிருந்தார். நான் என் வீட்டுக்குப் போய் ஒரு கட்டுக் கல்வெட்டு எடுத்து வந்தேன். என் வயதில் ஒருவனுக்கு ஊர்க் கல்வெட்டுகள் நெஞ்சளவு சேர்ந்துவிடும். நடுவில் ஒன்றை உருவிப் பூரணத்திடம் கொடுத்தேன். அவ வாசித்தா.

"'வானுயர்ந்த பனைகளும் வற்றாத கிணறுகளும் நிறைந்த அளவெட்டி மண்ணிலே, அன்புக்கு இலக்கணமாய், விருந்தோம்பலில் விளக்காய்...' இது ஆர்?"

"சோமசேகரம்" என்றேன். "மற்றதைப் பாரும்."

"'வானுயர்ந்த பனைகளும் வற்றாத கிணறுகளும்...' இது சின்னாச்சி." அடுத்ததையும் எடுத்தா. "இதுவும் பனைதான். தியாகு, என்ன இது? சோமசேகரம் ஒருத்தருக்கும் ஒரு வாய்த் தண்ணி குடுத்தறியான். அவன் விருந்தோம்பலிலை விளக்கோ?"

தியாகலிங்கம் தலையை நிமிர்த்தவில்லை. "அக்கா, செத்தவையைப் பற்றி ஆள் ஆளுக்கு வேறை வேறையா எழுதினா, உறவினருக்குள்ளை சண்டை வரும். பேரையும் திகதியையும் மட்டும்தான் மாத்துறனான்."

சேர்வருக்குப் பின்னால் இருந்து நிவேதனாவின் சிரிப்புக் கேட்டது. அந்தக் கிழமையில் அது முதற் சிரிப்பு. "அப்ப பயப்பிடாதையுங்கோ, மாமா. இண்டைக்குப் பின்னேரமே அடிச்சுத் தாறன். மாஸ்ரற்றை மகன் படம் அனுப்பினது உங்கடை போனிலை கிடக்குமெல்லோ?"

"கிடக்கும்" என்றார். போனை எடுத்துப் படத்தைத் தேடினார். "இந்தமுறை அந்த மனுசியைப் பற்றி உண்மையா ஒரு வரி போடுவம். நல்லாப் பாடுவா."

இரண்டாம் முறை அமத்தினார்கள். பாதியில் வானம் கடைசியில் தன் சத்தியத்தை நிறைவேற்றியது. முதல் இடியோடு கறண்ட் போனது. தும்பிகள் எல்லாம் ஒருமித்துச் செத்தன. மழை ஓட்டில் விழுந்த சத்தத்தில் ஒருவர் பேசியது மற்றவருக்குக் கேட்கவில்லை. நிவேதனா விறாந்தையில் மேலும் கீழும் நடந்தாள். பிள்ளை பயத்தில் அவள் சட்டையைப் பிடித்துக்கொண்டு கூட நடந்தது. கதிரவேலு ஒரு பெட்டிக்கும் கிட்டப் போகாமல், கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோடு நின்றார். யாரும் அவரை அப்படி நிற்கச் சொல்லவில்லை.

கறண்ட் வந்தது. ஒருவரும் தொடவில்லை. பெட்டிகள் தாமாக இரைந்தன, தாமாகக் கேட்டன. பாதி வெந்தவை எல்லாம் முதலில் இருந்து வேகத் தொடங்கின. பருத்தித்துறை பருத்தித்துறையாகவே எழும்பியது. நடுவில் பெயரில்லாமல் நின்றதுதான் சங்கானை என்று அப்போது தெரிந்தது. தொங்கலில் தியாகலிங்கத்தின் பெட்டி கேட்டுப் பார்த்தது. மறுமொழியை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்தது. சயந்தன் ஒவ்வொரு சேர்வருக்குள்ளும் போய்ப் பார்த்தார். ஒரே நேரம், ஒரே பங்கு, ஒரே சாமான். குற்றம் பிடிக்க ஒன்றும் கிடைக்கவில்லை.

இலை போட்டார்கள். பூரணத்தின் கத்தரிக்காய்க் குழம்பையும் வாழைக்காய்ப் பொரியலையும் சயந்தன் பேசாமல் சாப்பிட்டார். கதிரவேலு வாளியோடு நின்றார். இரண்டாம் சோறு விழும்போது சயந்தன் வாயைத் திறந்தார்.

"நல்லாச் செய்திருக்கிறீர், நிவேதனா. நான் பொய் சொல்லேல்லை, இவ்வளவு நல்லா இருக்குமெண்டு எதிர்பாக்கேல்லை. ஆனா..." அவர் சோற்றைக் குழைத்தார். "வயரைக் கொளுவி ஒரு பொத்தானை அமத்துறதுதான் வேலையெண்டா, இஞ்சை ஒரு ஆள் எதுக்கு? கிளையிலை நிக்கிற ஆரும் அதைச் செய்வினம். நீர் கொழும்பிலை இருந்து எழுதினா நாடு முழுக்கச் செய்யலாமே."

பூரணத்தின் கையில் அகப்பை அப்படியே நின்றது. கெட்டித்தனமாய்ச் செய்ததாலேயே போகவேண்டி வரும் என்று அந்த வீட்டில் ஒருவரும் நினைத்திருக்கவில்லை.

நிவேதனா இலைக்கு முன்னால் இருக்கவில்லை. தூணோடு நின்றாள்.

"சேர், முதல்தரம் அமத்தேக்கை லப்டொப்பிலை என்ன நிறம் இருந்தது?"

"பச்சை."

"எல்லாம் பச்சை. நெடுந்தீவும் பச்சை. கொழும்பிலை இருந்து பாத்திருந்தா நான் கைதட்டிப்போட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போயிருப்பன். இஞ்சை தியாகலிங்கம் மாமா கத்தினதாலை எல்லோ தெரிஞ்சது, நெடுந்தீவு எண்டு எழும்பி நிக்கிறது செத்தவீட்டுக் கல்வெட்டு எண்டு."

"இப்ப அதுக்குத்தான் இலக்கம் போட்டாச்சே."

"இந்தப் பிழைக்குப் போட்டாச்சு. அடுத்த பிழை எதெண்டு எனக்குத் தெரியாது." அவள் தகப்பனைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. "ஆனா ஒவ்வொரு கிளையிலையும் என்ரை அப்பா மாதிரி ஒராள் இருப்பார், சேர். உதவி செய்யாமல் அவரால் இருக்கேலாது. அவருக்குக் கிட்ட ஒருத்தர் நிக்கவேணும்."

சயந்தன் நிமிர்ந்து பார்த்தார். அந்த நேரம் கதிரவேலு, வேண்டாம் என்று சயந்தன் இலையை மூடிய கைக்குக் கீழால், ஒரு துளியும் சிந்தாமல் பாயாசத்தை ஊற்றி முடித்திருந்தார்.

சயந்தன் இலையைப் பார்த்தார். கதிரவேலுவைப் பார்த்தார். நெடுநேரம் சிரித்தார். பிறகு பாயாசத்தைக் குடித்தார்.

"திங்கக்கிழமை நெடுந்தீவுக்கு முதல் பெட்டியைக் கொண்டு போம்" என்றார். "கடல் கொந்தளிப்பு எண்டா செவ்வாய்."

"அப்ப கொழும்பு?" என்று பூரணம் கேட்டா.

"கொழும்பு அங்கையே கிடக்கும், அம்மா" என்றார் சயந்தன்.

நிவேதனா தூணில் முதுகு வழுக்கி, ஈரம் அடித்த நிலத்தில் அப்படியே இருந்துவிட்டாள். கால் இரண்டையும் நீட்டினாள். லொறி வந்த நாளில் இருந்து அவள் பின்னாலேயே ஓடித் திரிந்த பிள்ளை, கொஞ்சம் தள்ளி நின்று தாயை நம்பாமல் பார்த்தது. எழும்பமாட்டாள் என்று நிச்சயமானதும் வந்து, நீட்டிய காலில் ஏறிப் படுத்து, நித்திரையாகிவிட்டது.